சத்துமாவுக்கு எது சரி: புரோபயாடிக்கா, போஸ்ட்பயாடிக்கா?

நாங்கள் விற்கும் சத்துமாவில் குடலுக்கு நல்லது செய்யும் ஒன்றைச் சேர்க்க விரும்பினோம். உயிருள்ள நுண்ணுயிரிகளான புரோபயாடிக் ஒரு வழி. வெப்பம் போன்றவற்றால் உயிர் நீக்கிய நுண்ணுயிரிகளோ அவற்றின் கூறுகளோ கொண்ட போஸ்ட்பயாடிக் இன்னொரு வழி. நாங்கள் எடுத்தது இரண்டாவதை.

புரோபயாடிக்கின் பெருமையை விளக்க வேண்டியதில்லை. யாகுல்ட் என்ற புரோபயாடிக் பால் பானம் 1935 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்குக்கு டாக்டர்கள் எழுதித் தரும் சாக்கரோமைசிஸ் பவுலார்டியும் உயிருள்ள ஈஸ்ட்தான். அந்த இடத்தில் போஸ்ட்பயாடிக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆய்வுகளின் எண்ணிக்கையிலும் புரோபயாடிக்தான் வெகுவாக முந்தி நிற்கிறது.

எங்களுக்கு முடிவைச் சொன்னது ஒரே கேள்வி: பாக்கெட்டில் போட்டது வயிற்றுக்குப் போகும்வரை தாங்குமா? புரோபயாடிக் உணவில் ஒரு நாளைக்கான அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள் வேண்டும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. மாவு அரைத்த அன்று அந்த எண்ணிக்கை இருந்தால் போதாது, சாப்பிடும் அன்றும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டியிலும், பிறகு மளிகைக்கடை அலமாரியிலும் கிடக்கும் பாக்கெட் அது. ஈரம் கொஞ்சம் ஏறினாலே எண்ணிக்கை சரியத் தொடங்கும். எல்லாவற்றையும் தாண்டி வந்தாலும், வீட்டில் கஞ்சியாகக் கொதிக்கவிடுவார்கள். புரோபயாடிக்காகப் பரவலாகச் சேர்க்கப்படும் சாதாரண லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா அந்தச் சூட்டில் பிழைக்காது.

பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்ற பாக்டீரியா இதற்கு விதிவிலக்கு. ஸ்போர் எனும் கெட்டியான உறையுள்ள உறங்குநிலையில் அது சூட்டை நன்றாகத் தாங்கும். பிஸ்கட்டில் உயிருள்ளதைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் கஞ்சியை ஒருவர் மூன்று நிமிடம் காய்ச்சுவார், இன்னொருவர் கால் மணி நேரம் காய்ச்சுவார். எவ்வளவு பிழைத்தது என்று நான் எப்படி வாக்குக் கொடுப்பது? போஸ்ட்பயாடிக்கில் இந்தக் கவலை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜும் தேவையில்லை.

உயிரில்லாதது என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2020-இல் வெளியான ஜெர்மனி ஆய்வைக் காட்டுவேன். ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறு உள்ள 443 பேரில் ஒரு பகுதியினருக்கு வெப்பத்தால் கொன்ற பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடத்தை எட்டு வாரம் கொடுத்தார்கள். அதை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரிந்தது; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம். பலன் அந்த ஒரு ரகத்துக்கு, அந்த அளவுக்குத்தான். வேறொன்றை வாங்கிச் சேர்த்துவிட்டு இந்த ஆய்வை லேபிளில் போடுவது நேர்மையாகாது.

'வெந்த இட்லியிலும் செத்த பாக்டீரியா இருக்கிறதே?' என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் எந்த ரகம், எவ்வளவு, என்ன பலன் என்று நிறுவாமல் அதைப் போஸ்ட்பயாடிக் என்று சொல்ல 2021-இல் ஐ.எஸ்.ஏ.பி.பி. என்ற சர்வதேச புரோபயாடிக் அறிவியலாளர் சங்கம் வகுத்த வரையறை இடம் தராது. இட்லி இட்லியாகவே நல்ல உணவு.

எங்கள் மாவு சாப்பிட்டு வயிறு சரியானதாகச் சிலர் சொன்னார்கள். மாவிலுள்ள தானிய நார்ச்சத்தும் அதைச் செய்யக்கூடியது என்பதால் அதை ஆதாரமாகக் கொள்ள மாட்டேன்.

வாங்குபவர்கள் சப்ளையரிடம் ரகத்தின் முழுப் பெயரையும், உயிர் நீக்கிய முறையையும், அதே வடிவில் மனிதர்களிடம் நடந்த ஆய்வையும் கேளுங்கள். உயிருள்ள செல்கள் பெருகி உண்டாக்கும் கூட்டங்களை, அதாவது காலனிகளை, எண்ணும் வழக்கமான லேப் சோதனை இங்கே உதவாது, செத்த செல் காலனியாக வளராது. செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் கடத்தி எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறையில் எடுத்த அறிக்கை வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதியையும் மூலப்பொருள் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.