ஓலெசுன் போகிறவர்களுக்கு: அக்ஸ்லா மலையைப் பார்க்கக் கட்டணம் கிடையாது

நார்வேயின் ஓலெசுன் நகரத்துக்குக் கப்பலில் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள். போன ஜூன் மாதம் அம்மாவைக் கூட்டிப் போய் அங்கே ஏமாந்தேன்.

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததுமே ஒருவர் பேச்சுக் கொடுத்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மலையின் படங்கள். "அக்ஸ்லாவுக்குப் போகும் படிக்கட்டில் வேலை நடக்கிறது, ஏற விடமாட்டார்கள். வேனில் கூட்டிப் போய், ஒரு மணி நேரம் ஊரின் கதையைச் சொல்லி, திரும்பக் கப்பலடியில் விடுகிறேன்" என்றார். நுழைவுக் கட்டணம் சேர்த்து ஆளுக்கு 600 குரோனர். அம்மாவுக்கு முட்டிவலி. சரி என்று 1200 குரோனரைக் கார்டில் கட்டினேன். ரசீது மின்னஞ்சலில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

மேலே இறக்கிவிட்டு "இதோ வருகிறேன்" என்று போனவர் போனவர்தான். நுழைவுச் சீட்டை எங்கே வாங்குவது என்று அங்கிருந்த உணவகத்தில் கேட்டேன். இங்கே எதற்குச் சீட்டு என்று அந்தப் பெண் விழித்தார். படிக்கட்டிலோ, கைக்குழந்தையோடு ஒரு குடும்பமே ஏறி வந்துகொண்டிருந்தது.

காட்சியை நான் குறை சொல்ல மாட்டேன். கடலுக்குள் தீவு தீவாக நீளும் ஊர், கூர்மாடங்கள் வைத்த கட்டடங்கள், தூரத்தில் பனி படிந்த மலைகள். 1904 ஜனவரி 23 அன்று தீப்பிடித்து, சுமார் 10,000 பேர் வீடிழந்த ஊர் அது. மரவீடுகள் இருந்த இடத்தில் மூன்றே வருடத்தில் கல்லும் செங்கல்லுமாக எழுப்பிவிட்டார்கள். அவர் சொல்வதாகச் சொன்ன அந்தக் கதையை அப்புறம் நானேதான் தேடிப் படித்தேன்.

டாக்ஸி வர அரை மணி நேரமாகும் என்றார்கள், கப்பல் கிளம்பும் நேரமோ நெருங்கிவிட்டது. 418 படிகளையும் அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக இறங்கினார். பாதியில் உட்கார்ந்து, "நீ கவலைப்படாதேப்பா" என்று என்னைத் தேற்றினார். பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

படிக்கட்டு நகரப் பூங்காவிலேயே தொடங்குகிறது, துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வழியில் இளைப்பாற இடம் உண்டு. ஏற முடியாதவர்களுக்கு உச்சி வரை கார் போகும் சாலையும் இருக்கிறது. கூரையில் விளக்கு வைத்த டாக்ஸியாகப் பார்த்து, விலை கேட்டு, திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு ஏறுங்கள். படிக்கட்டு மூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால், சுற்றுலாத் தகவல் மையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் திரும்பவில்லை.