குட்டைல கெண்டையை ஒழிக்க வலை போடுற ஆளுங்களை கூப்பிட்டேன் – 3/5

அணைக்கட்டு பக்கம் நிலத்துல 25 சென்ட்ல ஒரு குட்டை கீது, நான் விட்டது கட்லாவும் ரோகுவும்தான். 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அந்த மழைல மேல இருக்குற ஏரி ரொம்பி வழிஞ்சு கோடி போய் தண்ணி நம்ம குட்டைக்குள்ள பூந்துச்சு, கூடவே சாதா கெண்டையும் வந்துடுச்சு, காமன் கார்ப்னு சொல்வாங்களே அதேதான். அதுலருந்து தண்ணி எந்நேரமும் டீ கலர்லயே இருக்கு, இந்த மீனு வாயை குழாய் மாதிரி நீட்டி அடிசேத்தை உறிஞ்சி துப்பிக்கினே இருக்கும், கரையையும் நோண்டும்.

மாசி மாசம் ஒரு வலை குரூப்பை கூப்பிட்டேன், பேரு வேணாம். அஞ்சு பேரு, விடிகாலைலயே வந்துட்டாங்க, மோட்டார் போட்டு முட்டி அளவுக்கு தண்ணியை இறைச்சிட்டுதான் இழுவலை போட்டாங்க. சாதா கெண்டை கெட்டிக்கார மீனு, வலை வந்தா சேத்துல படுத்துக்கும், இல்லன்னா மேல எகிறும். அதுக்குன்னே ஒரு பெரியவரு வலைக்கு பின்னாடியே நடந்து அடிக்கயிறை கால் விரலால அமுக்கி அமுக்கி வந்தாரு பாருங்க, அது வேலை! பெரிய மீன் ஒண்ணு தப்பல. புடிச்சதுல பாதி அவங்களுக்கு, அதான் பேச்சு.

ஆனா வலைக்கண்ணு ரெண்டு விரல் அகலம், பொடிசு எல்லாம் சல்லடைல மாவு மாதிரி பின்னாடி போயிடுச்சு. "சின்னக்கண்ணு வலை எடுத்துனு வரலையாண்ணா?"ன்னேன். "அத வித்தா இன்னாப்பா வரும்?"ன்னுட்டாரு மேஸ்திரி. நான் கூப்பிட்டது மீன் விக்கவா, இத ஒழிக்கத்தானே?

ஓரத்துல ஆகாயத்தாமரையை தூக்கி பாத்தா வேர் பூரா கேழ்வரகு சைஸ்ல முட்டை ஒட்டிகினு இருக்கு. ஒரு கிலோ பொட்டை மீனு லட்சம் முட்டைக்கு மேல போடும், ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சிடும். அத வாரி கரைல காயப்போட சொன்னேன், அது எங்க வேலை இல்லன்னு வண்டி ஏறிட்டாங்க. அடுத்த மாசமே விரல் நீளத்துக்கு குஞ்சுங்க, திரும்ப டீ கலர்.

கடைசில நானே இலுப்பை புண்ணாக்கு 250 கிலோ வாங்கி ஊறவெச்சு கரைச்சு ஊத்துனேன், 25 சென்ட்ல ஒரு மீட்டர் தண்ணி நின்னா அந்த கணக்கு. கட்லா ரோகுவை முன்னாடியே தொட்டிக்கு மாத்திடணும், அந்த புண்ணாக்கு மீனுக்கு வெஷம், பேரு பாத்து கொல்லாது. ஏரிக்கு போற மடையையும் அடைச்சிடுங்க. மூணு வாரம் மாட்டை அந்த பக்கமே விடல.

அந்த பெரியவரு தனியா வருவாருன்னா மட்டும் திரும்ப கூப்பிடுவேன், வலையை நானே வாங்கி வெச்சிக்கிறேன்.