38,500 ரூபாய் போச்சு: பழைய மினி டிராக்டருக்கு எக்ஸ்ட்ரா வால்வு மாட்டப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

கோபத்துல எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. மொத்தம் 38,500 ரூபாய். வால்வு 21,000, மாட்டின கூலி 9,500, ஹோஸ் 4,800, ஆயில் 3,200. இன்னைக்கோட பதினோரு நாள் ஆச்சு, வண்டி கொட்டகையை விட்டு நகரல.

நமக்கு கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்க. கேரளாதான், ஆனா வீட்ல, தோப்புல, டீக்கடையில எல்லாம் தமிழ்தான். நாலரை ஏக்கர் தென்னை. அப்பா வாங்கின 18 எச்.பி. மினி டிராக்டர் ஒண்ணு இருக்கு, மரத்துக்கு நடுவுல பூந்து மண்ணைக் கிளறற ரொட்டவேட்டர் ஓட்ட அதுதான் தோது. ஆனா அதுல பின்னாடி மாட்டற கருவியைத் தூக்கி எறக்கற லிஃப்டுக்கு லிவர் ஒண்ணு மட்டுந்தான். டிப்பர் டிரெய்லரைச் சாய்ச்சுக் கொட்டற ஜாக்கிக்கு ஆயில் எடுக்க வழி கெடையாது. முன்னாடி பிளேடு மாட்டறதுன்னாலும் அதே கதை. ஒரு டிரெய்லர் எருவை ரெண்டு பேர் மம்பட்டியில இழுத்துக் கொட்ட அரை நாள் போகுது. ஆள் கெடைக்கற லட்சணம் உங்களுக்கே தெரியும். அதனால பம்புல இருந்து வர்ற ஆயிலை வேண்டிய பக்கம் திருப்பி விடற, ரெண்டு லிவர் வெச்ச வால்வு ஒண்ணு மாட்டிடலாம்னு ஆறு மாசமா நெனப்பு.

அப்பத்தான் ஃபோன்ல அந்த வீடியோ வந்துச்சு. எல்லையைத் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பட்டறை. பழைய டிராக்டருக்கு வால்வு, பவர் ஸ்டீரிங் எல்லாம் மாட்டி வீடியோ போடறவங்க. பேரைச் சொல்ல மாட்டேன். ஃபோன் பண்ணினேன், "வண்டியக் கொண்டாங்கண்ணா, சாயங்காலம் ஓட்டிட்டுப் போயிரலாம்"னாங்க.

நான் ஏமாந்த எடத்தைச் சொல்றேன். வண்டியை நிறுத்தின உடனே பட்டறைக்காரத் தம்பி வந்து, தோள்ல கெடந்த துண்டை எடுத்து பம்பு மேல இருந்த மண்ணைத் தொடச்சான். "ஏனுங்ணா, அப்பா வாங்குன வண்டிங்களா? சீட்டு கூட கிழியாம வெச்சிருக்கறீங்க"ன்னான். அப்பா போய் நாலு வருஷமாச்சு. அந்த ஒரு வார்த்தையில நான் விழுந்துட்டேன். இருந்தாலும் நானும் நாலு வீடியோ பாத்துட்டுத்தான் போயிருந்தேன், "இது ஓபன் சென்டர் சிஸ்டமாச்சே தம்பி, வால்வு அதுக்கு ஒத்து வருமா"ன்னு கேட்டேன். அவன் அசரல. "பம்பு ஓடற வரைக்கும் உங்க வண்டியில ஆயிலும் சுத்திட்டே இருக்குமுங்ணா. லிவர் நடுவுல இருக்கறப்ப ஆயிலை மறிக்காம விடற வால்வுதான் நாம போடறது. மறிக்கறதைப் போட்டா, பிரஷர் மிஞ்சினா தொறக்கற ரிலீஃப் வால்வு கத்தும், ஆயில் கொதிக்கும், இஞ்சின் முக்கும்"னான். சொன்னது அத்தனையும் சரி. அதுதான் வயித்தெரிச்சல். தெரியாதவன் கெடுத்திருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன்.

அப்புறம் பம்புல இருந்து லிஃப்டுக்குப் போற இரும்புப் பைப்பைக் கட்டிங் மிஷின்ல அறுத்தான். கம்பெனியில இருந்து வந்தப்ப இருந்த பைப். அது அறுபடற சத்தம் கேட்டப்ப மனசு திக்குன்னுச்சு, வாயைத் தொறக்கல. வால்வை ஃபெண்டர் பக்கத்துல போல்ட் போட்டு நிறுத்தி ஹோஸ் மாட்டினாங்க. அவங்க டிரெய்லரையே காலியா மாட்டி ரெண்டு தடவை தூக்கி எறக்கிக் காட்டினாங்க. வெண்ணெய் மாதிரி ஏறுச்சு. நானே வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். கேளுங்க, லிஃப்டுல ஒரு எடையை மாட்டித் தூக்கிப் பாக்கணும்னு அவனுக்கும் தோணல, எனக்கும் தோணல. 38,500ஐ அங்கயே ஜிபே பண்ணினேன். "ஒரு வருஷம் வாரண்டிங்ணா"ன்னான். பில்லுன்னு குடுத்தது ஒரு துண்டுச்சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் கூட இல்ல.

மூணாம் நாள் காலையில ரொட்டவேட்டரை மாட்டி லிஃப்ட் லிவரை இழுத்தேன். பாதி ஏறறப்பவே புது வால்வோட லிவர் அடியில ஆயில் கசிஞ்சுது. புதுசுல அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு முழுசா இழுத்தேன். 'டப்'புன்னு ஒரு சத்தம். சீல் பிச்சுக்கிட்டு ஆயில் என் முழங்கால் வரைக்கும் அடிச்சுது, வால்வு பாடியில விரல் நீளத்துக்கு விரிசல். ரொட்டவேட்டர் 'தொம்'முன்னு எறங்குச்சு. பையன் கசியற எடத்தைப் பாக்க கையை நீட்டினான், நான் போட்ட சத்தத்துல பக்கத்துத் தோப்பு ஆளு ஓடி வந்துட்டாரு. நம்ம வண்டியில கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். அது பூரா தென்னம்பாத்தியில.

கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு வயசான மலையாளி மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்தேன். அவர் வால்வைத் தொடவே இல்ல, குனிஞ்சு ஹோஸை எண்ணினாரு. "ரெண்டே உள்ளூ. மூணாமத்தது எவிட?"ன்னு கேட்டாரு. விஷயம் இதுதான். பம்புல இருந்து வால்வுக்கு ஒரு ஹோஸ். வால்வுல இருந்து லிஃப்டுக்கு, பவர் பியாண்ட்னு சொல்ற, ஆயிலைப் பிரஷரோட அடுத்த எடத்துக்கு அனுப்பற தனித் துளையில இருந்து ஒண்ணு. ஜாக்கியில இருந்து திரும்பற ஆயில் டேங்குக்குப் போக மூணாவது ஒண்ணு. ஜாக்கிக்குப் போற ஹோஸ் இதுல சேராது. இவங்க மூணாவதைப் போடாம, டேங்குக்குப் போக வேண்டிய துளையையே லிஃப்டுக்குக் கொடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் பிரஷர் தாங்கறதுக்குச் செஞ்ச பக்கமே இல்ல. லிஃப்டுல எடை ஏறின உடனே முழு பிரஷரும் திருப்பி அங்க நிக்கும், சீல் என்ன பண்ணும்? காலி டிரெய்லரைத் தூக்கறப்ப இது தெரியவே தெரியாது. லிஃப்டைப் பிரிச்சா உள்ள வெள்ளை டெஃப்லான் டேப் துணுக்கு வேற, இரும்புப் பொடி வேற.

பட்டறைக்கு ஃபோன். முதல் நாள், "லோடு ஜாஸ்தியாயிருக்குமுங்ணா." அப்பாவோட காலத்துல இருந்து அதே ரொட்டவேட்டர்தாண்டா. ரெண்டாம் நாள், "ஆயில் என்ன போட்டீங்க?" ஆயிலை ஊத்தினதே அவங்கதான், 3,200 ரூபாய்க்கு. அப்புறம் "வால்வு கம்பெனி ஆளு வந்து பாக்கணும்." அந்த ஆளு வியாழன் வருவாரு, சனி வருவாரு, அவங்க வீட்ல விசேஷம். ஆறாம் நாள் வேற ஒரு குரல், "கேரளா நம்பர் வண்டிக்கெல்லாம் வாரண்டி வராதுங்க." பணம் வாங்கறப்ப நம்பர் பிளேட்டு கண்ணுக்குத் தெரியலையா?

அன்னைக்கு ராத்திரிதான் வால்வு வந்த அட்டைப்பெட்டி ஞாபகம் வந்துச்சு. நல்ல பெட்டின்னு வீட்ல அதுல வெங்காயம் போட்டு வெச்சிருந்தாங்க. கொட்டிப் பாத்தா அடியில ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர், வாயே பிரிக்கல. உள்ள கட்டைவிரல் பருமன்ல மரை வெட்டின ஒரு ஸ்லீவ், ரெண்டு ஓ-ரிங். மேஸ்திரிக்கு போட்டோ அனுப்பினேன். அதேதான், பவர் பியாண்டுக்கு மாட்டற ஸ்லீவ். கம்பெனிக்காரன் குடுத்திருக்கான், இவங்க பிரிக்கக்கூட இல்ல! அதே போட்டோவைப் பட்டறைக்கும் அனுப்பினேன். "அது எக்ஸ்ட்ரா பீஸுங்ணா"ன்னு ஒரு பதில். அதுக்கப்புறம் என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. 38,500 ரூபாய்க்கு அந்த எக்ஸ்ட்ரா பீஸ் மட்டும் பத்திரமா இருக்கு.

நேர்ல போனேன். தம்பி இல்ல, வெளியூராம். புதுசா ஒரு வண்டியில பைப்பை அறுத்துட்டிருந்தாங்க. அந்த வண்டிக்காரர்கிட்ட ஹோஸை எண்ணிப் பாக்கச் சொல்லிட்டு வந்தேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பாக்கற மாதிரி பாத்தாரு.

என்னென்ன கவனிக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், பொறுமை இல்ல. காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஹோஸை எண்ணுங்க, மூணு இருக்கணும். லிஃப்டுல எடை மாட்டி முழுசா தூக்கிப் பாருங்க. பழைய பைப்பை அறுக்க விடாதீங்க, கழட்டி வெச்சுட்டு புதுசு செய்யச் சொல்லுங்க. ஆயில் பீச்சினா கையால தடவாதீங்க, ஊசி மாதிரி தோலுக்குள்ள எறங்கிரும், ஒரு அட்டையை நீட்டிப் பாருங்க. முறையான பில் வாங்குங்க. கடை வேற மாநிலத்துல இருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது. நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் பண்ணிப் புகாரைப் பதிஞ்சுட்டேன், அடுத்து பாலக்காடு நுகர்வோர் கமிஷன்தான்.

மழைக்கு முன்னாடி உழுதாகணும், மணிக்கு 1,000 ரூபாய்க்கு வேற வண்டி சொல்லியிருக்கேன். நம்ம வண்டி அடியில ஒரு பழைய அண்டாவை வெச்சிருக்கேன், மிச்சம் மீதி ஆயில் இன்னும் சொட்டிட்டிருக்கு. நேத்து அதுல ஒரு கோழிக்குஞ்சு விழுந்துருச்சு. வீட்ல அதுக்கும் என்னைத்தான் திட்டறாங்க.