திருகா, பசையா: என் மேசையில் இரண்டு எண்டர்பிரைஸ்கள்

என் மேசையில் ஒரே விண்கப்பல் இரண்டு உருவங்களில் நிற்கிறது. 1987இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொலைக்காட்சித் தொடரின் எண்டர்பிரைஸ்-டி அது. ஒன்று, 1992இல் பிளேமேட்ஸ் என்ற பொம்மை நிறுவனம் வெளியிட்ட, பொத்தானை அழுத்தினால் ஒளியும் ஒலியும் தரும் பொம்மை. மற்றொன்று, ஏஎம்டி (AMT) நிறுவனத்தின் 1/1400 அளவு கிட், அதாவது பாகங்களாக வரும் பிளாஸ்டிக் மாதிரி. அதை நானே ஒட்டி, நானே சாயம் பூசி, நானே விளக்குப் போட்டேன். இரண்டையும் முடித்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டால், பழைய பொம்மையை என்று தயங்காமல் சொல்கிறேன். பழுதாக இருந்தால் இன்னும் நல்லது.

அழகைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை, கிட்தான் அழகு. கதைப்படி 642 மீட்டர் நீளமுள்ள கப்பல் இந்த அளவில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் வருகிறது. தட்டின் விளிம்பு மெல்லியது, கழுத்தின் வளைவு சரியாக இருக்கிறது. பொம்மை குழந்தைகள் கையில் தாக்குப்பிடிக்கச் செய்தது. விளிம்புகள் தடிமனாகத்தான் இருக்கும். செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கிட்டின் விலையோடு சாயம், பசை, நுண் துளைக்கருவி, ஒளியிழை எல்லாவற்றையும் கூட்டினால் பொம்மையை எட்டிவிடும், சில சமயம் தாண்டியும் போகும். நேரம் மட்டும் ஒப்பிட முடியாதது. பொம்மை எனக்கு மூன்று மாலைகள். கிட் ஐந்து மாதங்கள்.

ஆனால் முடித்து வைத்த பிறகு ஒரு நாள் விளக்கு எரியாமல் போகும். எந்த எல்இடிக்கும், கம்பியை இணைக்கும் எந்த ஈயப் பற்றுக்கும் அந்த நாள் உண்டு. அப்போது உள்ளே கை போகுமா என்பதை வைத்தே நான் இரண்டையும் எடைபோடுகிறேன்.

பொம்மையைத் திருகுகள் பிடித்திருக்கின்றன. கிட்டைப் பசை பிடித்திருக்கிறது. பசை என்றால் காகிதம் ஒட்டும் பசை அல்ல. கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒரே பாகமாக உருக்கிச் சேர்க்கும் கரைப்பான். அது காய்ந்த பின் அங்கே இணைப்பு என்று ஒன்று இல்லை. என் கிட்டை மூடி நான்கு மாதம் கழித்து இடது நசெல்லின், அதாவது கப்பலின் பக்கவாட்டு என்ஜின் கூட்டின், நீல விளக்கு அணைந்தது. தாங்கு தூணுக்குள் போகும் கம்பியில் எங்கோ என் பற்று விட்டிருக்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் தூணை அறுக்க வேண்டும், அறுத்த இடத்தை நிரப்ப வேண்டும், தேய்க்க வேண்டும், மீண்டும் அதே சாம்பல் நீலத்தைக் கலக்க வேண்டும். இன்னும் கையை வைக்கவில்லை.

பொம்மை இதற்கு நேர்மாறான அனுபவம். டொராண்டோவில் ஒரு பழைய பொம்மைச் சந்தையில் பெட்டி இல்லாமல், நிலைமேடை இல்லாமல் கிடைத்தது. முந்தைய உரிமையாளர் பேட்டரிகளை எடுக்காமலே அலமாரியில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். காற்றுப் பட்டதும் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். செம்பைத் தொட்ட இடத்தில் பச்சையாகும். பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்தால் காரம் அடங்கும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால், அதன் பிறகு மெல்லிய உப்புத்தாள். சுருள்வில் பிழைத்துக்கொண்டது. கம்பிகள் பிழைக்கவில்லை. காரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். வெளியே நன்றாகத் தெரிகிற கம்பியைச் சீவினால் உள்ளே கறுத்திருக்கும், ஈயம் ஒட்டாது. அதனால் கம்பிகளை முழுவதும் மாற்றினேன். உள்ளே போகத் திருப்புளி ஒன்றுதான் தேவைப்பட்டது. எந்தப் பாகத்தையும் உடைக்கவில்லை.

விளக்குகள் எரிந்தன, ஒலி வரவில்லை. அந்தக் காலத்து மின்னணு பொம்மைகளில் ஒலிச் சில்லைப் பலகையிலேயே பதித்து மேலே கறுப்பு எப்பாக்சியைச் சொட்டி மூடிவிடுவார்கள். அந்தக் கறுப்புப் பொட்டுக்குள் இருப்பது செத்தால் செத்ததுதான். அதை மாற்ற வழியே இல்லை. பொம்மைக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான வாதம் இதுதான், நானும் அதை மறைக்க மாட்டேன். ஆனால் உள்ளே இடம் தாராளம். பழைய பலகையை எடுத்துவிட்டு, விரல் நுனி அளவுள்ள டிஎஃப்பிளேயர் மினி என்ற ஒலிப்பலகையை வைத்தேன். மைக்ரோ எஸ்டி அட்டையிலிருந்து ஒலிக்கோப்புகளை அது தானே வாசிக்கும். பொத்தான்களை நேராக அதன் கால்களில் இணைத்துவிடலாம். நிரல் எழுதத் தேவையில்லை. நண்பர் ஒருவரிடம் இதே பொம்மை பழுதில்லாமல் இருந்தது. அதன் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து என் அட்டையில் ஏற்றினேன். தொடரிலிருந்து சுத்தமான ஒலியை எடுத்துப் போட்டிருக்கலாம். வேண்டுமென்றே செய்யவில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரின் கரகரப்போடு கேட்டால்தான் அது 1992இன் பொம்மை.

விளக்கு மாற்றுகிறவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள், நானும் தடுமாறினேன். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். நீலத்துக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இரண்டு ஏஏ பேட்டரிகளில் நீலம் முதல் நாள் லேசாக ஒளிரும். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் சிவப்பு மட்டும் எரியும், நீலம் அணைந்துவிடும். அதனால் மூன்று பேட்டரிகள், 4.5 வோல்ட், நீலத்துக்கு 100 ஓம், சிவப்புக்கு 220 ஓம் மின்தடை. இப்போது கசிவுக்குப் பயந்து ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரிகளைப் போடுகிறேன். அவை மூன்றும் சேர்ந்து 3.6 வோல்ட்தான், நீலம் சற்று மங்குகிறது. அந்த மங்கலை ஏற்றுக்கொண்டேன். டிஎஃப்பிளேயர் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும் என்பதால், முழு இணைப்பையும் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை அடிப்பக்கத்தில் வைத்தேன்.

கிட்டில் இதே வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒளிக்கசிவோடு மல்லுக்கட்ட வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் வழியாகக் கப்பல் முழுவதும் ஒளிரும். உள்ளே கறுப்பு பூசி, அதன் மேல் வெள்ளை பூசி, பிறகுதான் ஜன்னல்களுக்கு அரை மில்லிமீட்டர் துளைகள். அந்த ஜன்னல்கள் முதல்முறை எரிந்த இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மகிழ்ச்சியைப் பொம்மை எனக்குத் தரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் கட்டியது ஒரே ஒரு கிட். கைதேர்ந்தவர்கள் நசெல்களைக் காந்தத்தில் நிறுத்தி, அடிப்பக்கத்தில் கழற்றும் மூடி விட்டுச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப்போகும். முதல் கிட்டிலேயே அதைச் செய்யும் பொறுமை யாருக்கு இருக்கும் என்பது வேறு கேள்வி. பின்னாளில் டயமண்ட் செலக்ட் வெளியிட்ட எண்டர்பிரைஸ்-டி பொம்மையை நண்பர் வீட்டில் சில நிமிடங்கள் கையில் வைத்துப் பார்த்ததோடு சரி. பார்வைக்கு பிளேமேட்ஸைவிட நேர்த்தியாக இருந்தது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் அதோடு பழகவில்லை.

மறுவிற்பனையை நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: பெட்டியோடு, ஒலியோடு, முழுமையாகக் கிடைக்கும் பழைய பொம்மையைத் திறக்காதீர்கள். கம்பி மாற்றிய பொம்மையைச் சேகரிப்பாளர் பாதி விலைக்குக்கூட எடுக்கத் தயங்குவார். மாற்றி அமைக்க உடைந்ததை, நிறம் மங்கியதைத் தேடுங்கள். வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகியிருந்தால், ஸ்டிக்கர்களைக் காப்பாற்றிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிப் புற ஊதா ஒளியில் வைத்தால் வெளுக்கும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பி வரவும் செய்யும்.

திருகு போகும் பிளாஸ்டிக் குழிகள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தேயும். மூன்றாவது முறை திறந்தபோது ஒரு குழியில் திருகு சும்மா சுற்றியது. மெல்லிய பிளாஸ்டிக் சீவல் ஒன்றைச் செருகி இறுக்கினேன். இப்போது திருகைக் குழியில் வைத்ததும் முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றி, பழைய மரையில் அது ‘டக்’கென்று விழுந்த பிறகே முறுக்குகிறேன்.