அரை டாலர் பெட்டியும் அன்பான டெல்லரும்: நான் ஏமாந்த விதம்

அமெரிக்காவில் பேங்க்கில் ரோல் ரோலாகக் காசு வாங்கி வெள்ளி தேடுகிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் கையை விட்டுப் போனது 76 டாலர் 50 சென்ட்தான். தலை போகிற தொகை இல்லை. ஆனால் என்னை ஏமாற்றியவருக்கு வித்தை சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்பது இரண்டு மாதமாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எந்த பேங்க், எந்தக் கிளை என்று எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1964 வரை அச்சான அரை டாலரில் 90 சதவீதம் வெள்ளி. 1965 முதல் 1970 வரை 40 சதவீதம். 1971 முதல் புழக்கத்துக்கு வந்ததெல்லாம் செம்பும் நிக்கலும்தான். பேங்க்குக்கு எல்லாமே ஐம்பது சென்ட். அதனால் அரை டாலர்களை முகமதிப்புக்கே வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, வெள்ளியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். ஒரு ரோலில் 20 காசு, ஒரு பெட்டியில் 50 ரோல். அதாவது ஆயிரம் காசு, 500 டாலர், பதினொரு கிலோவுக்கு மேல் கனம். காரிலிருந்து வீட்டுக்குத் தூக்கிப் போவதற்குள் முதுகு பேசும்.

அந்தக் கிளையில் எனக்கு ஏழு வருடமாகக் கணக்கு இருக்கிறது. கவுன்ட்டரில் புதிதாக வந்த டெல்லர் (காசாளர்) இளைஞர், சிரித்த முகம். அரை டாலர் பெட்டி ஒன்று ஆர்டர் போட முடியுமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். இதற்கு முன்னால் போன இடங்களில் எல்லாம் என்னை ஏதோ கள்ளக்கடத்தல்காரனைப் போலப் பார்த்த அனுபவம் இருந்ததால், இந்த மரியாதையிலேயே பாதி விழுந்துவிட்டேன். அடுத்த வாரம் பெட்டி வந்தது. சீல் பிரிக்காதது, ரோல் எல்லாம் மெஷினில் சுற்றியது. அதில் 1964 இரண்டு, 40 சதவீதக் காசு ஏழு. ஒரு பெட்டிக்கு இது நல்ல அறுவடை.

இங்கேதான் புத்தி கெட்டது. மறுநாள் நன்றி சொல்லப் போனவன், எதற்காக இத்தனை காசு வாங்குகிறேன் என்று அவர் கேட்டதும் கவுன்ட்டரிலேயே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். வருடம்கூடப் பார்க்க வேண்டாம், விளிம்பைப் பார்த்தாலே போதும் என்றேன். சாதாரணக் காசின் விளிம்பில் செம்பு நிறக் கோடு பளிச்சென்று ஓடும். 90 சதவீதக் காசில் கோடே இருக்காது, சுற்றிலும் வெள்ளை. 40 சதவீதக் காசில் மட்டும் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி ஒரு கோடு. ஒரு ரோலைப் பிரித்து இருபது காசையும் அடுக்கி நிறுத்தினால் மூன்று நொடியில் தெரிந்துவிடும். இதையெல்லாம் சொன்னதோடு நிற்காமல், பையிலிருந்த இரண்டு 1964-இல் ஒன்றை எடுத்து, ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டும் வந்தேன். அவர் அதை விளக்குக்கு நேராகத் தூக்கி விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மாணவன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பெட்டி வாங்கும்போது 15 டாலர் கட்டணம் என்றார். பேங்க்கில் விதி மாறிவிட்டதாம், ரொக்கமாகக் கொடுத்தால் சுலபமாம். பேங்க்குகள் காசுப் பெட்டிக்குக் கட்டணம் வாங்குவது உண்டு, அதுவும் வியாபாரக் கணக்குகளுக்கு. சரி, பெட்டி கிடைக்கிறதே என்று கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. ஏழு வருடப் பழக்கம், சிரித்த முகம், எப்படிக் கேட்பது?

அந்தப் பெட்டியில் வெள்ளி ஒன்றுகூட இல்லை. அடுத்ததிலும் இல்லை. இதில் சந்தேகப்பட எதுவுமில்லை, முழுப் பெட்டியும் வெறுமையாகப் போவது இந்த விளையாட்டில் சகஜம். பெட்டியின் டேப் முன்பே வெட்டியிருந்தது. எண்ணிக்கையைச் சரிபார்க்கத் திறந்தோம் என்றார். அதையும் நம்பினேன். நான்காவதிலும் ஐந்தாவதிலும் சில ரோல்கள் மெஷினில் சுற்றியதாக இல்லாமல், முனை கையால் மடித்த காகித ரோலாக இருந்தன. வீட்டில் வந்து எண்ணினால் மூன்று ரோலில் 19 காசுதான். போய்ச் சொன்னேன். கவுன்ட்டரை விட்டு நகர்ந்த பிறகு எண்ணிக்கைக்கு பேங்க் பொறுப்பில்லை என்று, அதே சிரிப்போடு, அங்கே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். அது நியாயம்தான். ஒன்றரை டாலருக்காகச் சண்டை போட எனக்கும் வெட்கமாக இருந்தது.

ஆறாவது பெட்டிக்கு அவரே போன் செய்தார். ஒரு வயதான அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த பழைய காசாம், மொத்தமாகக் கொண்டுவந்து கட்டிவிட்டார்களாம், யாரும் தொடாத சரக்காம், எனக்காக எடுத்து வைத்திருக்கிறாராம். எல்லாமே கையால் சுற்றிய ரோல். இந்த மாதிரிச் சரக்குக்காக எத்தனை வருடம் வேண்டுமானாலும் காத்திருப்போம். பேங்க் மூடுவதற்குள் ஓடினேன். 500 டாலரும் அந்தப் பதினைந்தும் கொடுத்துத் தூக்கிவந்தேன்.

இரவு சமையலறை மேசையில் விளக்கை இறக்கி வைத்துக்கொண்டு முதல் ரோலைப் பிரித்தேன். எல்லாம் செம்புக் கோடு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ரோலில் ஒரு காசு கொஞ்சம் அழுக்காக இருந்தது, துடைக்கலாம் என்று எடுத்தேன். காசிலிருக்கும் கென்னடி தலையின் கழுத்து வெட்டுக்குக் கீழே கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. துணியால் தேய்த்தேன், போகவில்லை. அடுத்த காசிலும் அதே இடத்தில் புள்ளி. அதற்கடுத்ததிலும்.

அந்தப் புள்ளி நான் வைத்தது. பார்த்து முடித்த காசு சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, திருப்பிக் கட்டுவதற்கு முன் மெல்லிய மார்க்கரால் ஒரு பொட்டு வைப்பேன். எப்போதும் பக்கத்து ஊரில் வேறு பேங்க்கில்தான் கட்டுவேன். நடுவில் ஒரு முறை, வேறு வழியில்லாமல், இந்தக் கிளையிலேயே ஆயிரம் காசையும் கொட்டிவிட்டு வந்திருந்தேன். வயதான அம்மாவும் இல்லை, காலி செய்த வீடும் இல்லை. நான் அலசிப் போட்ட காசையே காகிதத்தில் சுற்றி எனக்கே 515 டாலருக்கு விற்றிருக்கிறார். 50 ரோலையும் பிரித்துப் பார்த்தேன். புள்ளி இல்லாத காசு நாற்பத்தி ஒன்றுதான் இருந்தது. அதில் ஒன்று 1987. அந்த வருடத்து அரை டாலரைப் புழக்கத்துக்கு விடவில்லை, சேகரிப்பாளர்களுக்கான செட்டில் மட்டும்தான் விற்றார்கள். வேறு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன்.

மறுநாள் வேண்டுமென்றே அடுத்த ஜன்னலில் இருந்த அம்மாவிடம் போய், காசுப் பெட்டிக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் என் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, தனிநபர் கணக்குக்கு எங்கள் கிளையில் கட்டணமே கிடையாதே என்றார். ஐந்து பெட்டிக்கு 75 டாலர் யாருடைய பைக்குப் போனது என்று அப்போதுதான் உறைத்தது.

மேனேஜரிடம் போனேன். புள்ளி வைத்த காசைக் காட்டினேன். அவர் காசைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். ரசீது இருக்கிறதா என்றார். இல்லை. டெல்லர் சொந்தப் பணத்தைப் போட்டு பெட்டியிலிருந்து ஒரு வெள்ளிக் காசை மாற்றிக்கொண்டால் அது திருட்டாகாது என்றார். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஐம்பது சென்ட் போட்டு ஐம்பது சென்ட் எடுத்தால் கல்லாவில் பற்றாக்குறை வராது. பேங்க்கின் உள்விதி வேண்டுமானால் தடுக்கலாம். நான் சொல்ல வந்தது வெள்ளியைப் பற்றி இல்லை, பொய்யையும் பதினைந்து டாலரையும் பற்றி என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. வேறொன்று வந்தது: இப்படி அடிக்கடி ரொக்கத்தில் காசு வாங்கினால் அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும்.

இந்த மிரட்டலுக்குப் பலர் பயந்து பின்வாங்குகிறார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். ஒரே நாளில் ரொக்கப் பரிமாற்றம் 10,000 டாலரைத் தாண்டினால் பேங்க் கட்டாயம் அறிக்கை தர வேண்டும். அது வழக்கமான காகித வேலை, குற்றச்சாட்டு இல்லை. வாரம் ஒரு 500 டாலர் பெட்டி அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் அறிக்கைக்குப் பயந்து பெரிய தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டாதீர்கள், அதுதான் குற்றம். அதே சமயம், பெட்டி தர மாட்டேன் என்று சொல்ல பேங்க்குக்கு உரிமை உண்டு. சேகரிப்பாளருக்குக் காசு தேடித் தர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இதை மறந்துவிட்டுக் கவுன்ட்டரில் குரல் உயர்த்தினால் நமக்குத்தான் நஷ்டம்.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். தேதி, தொகை, புள்ளி வைத்த காசின் படம், டெல்லர் போன் செய்த நேரம், எல்லாம் சேர்த்து. உங்கள் பேங்க் மத்திய அரசின் உரிமம் பெற்ற தேசிய பேங்க்காக இருந்தால் அதற்கு மேலே நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம், கடன் சங்கமாக (கிரெடிட் யூனியன்) இருந்தால் அதற்குத் தனி ஆணையம் இருக்கிறது. நான் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லி 75 டாலரைக் கணக்கில் போட்டார்கள். 19 காசு ரோல் மூன்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போது வேறொரு கிளையில் வாங்குகிறேன். டேப் வெட்டிய பெட்டியை வாங்குவதில்லை. கையால் சுற்றிய ரோல் என்றால் அங்கேயே நின்று பிரித்து எண்ணுகிறேன், பின்னால் வரிசை நின்றாலும் சரி. கட்டணம் என்று ஏதாவது சொன்னால் கணக்கில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். வாங்குகிற கிளையில் ஒரு காசுகூடத் திருப்பிக் கட்டுவதில்லை. எதற்கு இத்தனை அரை டாலர் என்று கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்க என்கிறேன். பொய்தான், என்ன செய்வது.

போன வாரம் பழைய கிளைக்கு ஒரு காசோலை போடப் போனேன். அவர் அதே ஜன்னலில் அதே சிரிப்போடு இருந்தார். கீபோர்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், நான் கொடுத்த 1964.