டெபியன் பழைய பேக்கேஜ்களுக்கு விடைகொடுக்கும் விதம்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் சின்னக் கடைகளுக்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். டெபியன் என்பது லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று. அதன் புது வெளியீடு வந்தால் எல்லாரும் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நான் எதை எடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் 6,296க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களை, வழக்கொழிந்தவை என்று நீக்கினார்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13இல் அது 8,840ஐத் தாண்டியது. அதில் ஏதாவது ஒன்றை நம்பி ஒரு கடையின் கல்லாப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கலாம்.

குடியாத்தத்தில் ஒரு கைலி மொத்தக் கடையில் அப்படித்தான் இருந்தது. பில் போடும் புரோகிராம் பைத்தான் 2 என்ற நிரல்மொழியிலும், திரையில் ஜன்னல், பொத்தான் வரையும் பைஜிடிகே என்ற தொகுப்பிலும் எழுதியது. எழுதிக்கொடுத்த பையன் படிப்பை முடித்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான். "தம்பி, அந்த பில்லு புரோகிராம் இன்னா ஆவும், அத சொல்லு" என்பதுதான் முதலாளி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி.

பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு அதை உருவாக்கியவர்களின் ஆதரவு முடிந்தது. டெபியன் அன்றைக்கே கையைக் கழுவவில்லை. டெபியன் 10இல் பைத்தான் 2, பைஜிடிகே இரண்டும் இருந்தன. 2021இல் வந்த 11இல் பைஜிடிகே போனது, பைத்தான் 2 நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டர் மட்டும் மிஞ்சியது. 12இல் அதுவும் இல்லை. 10க்கு எல்டிஎஸ் என்ற நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தம் 2024 ஜூன் வரை கிடைத்தது. ஆக நாலரை வருஷ அவகாசம். அதற்குள் புரோகிராமை நிதானமாகப் பைத்தான் 3க்கு மாற்றி எழுத முடிந்தது. முன்பு வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் தட்டினால் பில் பாதியில் நின்றுவிடும். இப்போது அந்தத் தொல்லை கிடையாது, பைத்தான் 3இல் எழுத்துத் தொடர்கள் எல்லாமே யூனிகோடு, அதாவது தமிழ் உட்பட பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு. பணம் கட்டி வாங்கும் மென்பொருளில்கூட இப்படி அவகாசம் தந்து விலக்குவதை நான் பார்த்ததில்லை.

நீக்கும் முறையும் எனக்குப் பிடித்திருக்கிறது. பராமரிப்பவர் கைவிட்டால் பேக்கேஜை அனாதை என்று அறிவிக்கிறார்கள், வேறு யாராவது தத்தெடுக்கலாம். பெரிய கோளாறு திருத்தப்படாமலே கிடந்தால் அடுத்த வெளியீட்டுக்கான சோதனைப் பதிப்பான டெஸ்டிங்கிலிருந்து விலக்குகிறார்கள். மொத்தமாக நீக்க வேண்டுமென்றால் காரணம் எழுதிக் கோரிக்கை வைக்க வேண்டும், அதை யாரும் படிக்கலாம். அந்தப் பேக்கேஜை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்கள் எவை என்று பார்த்த பிறகுதான் எடுக்கிறார்கள். எடுத்த பிறகும் பழைய கோப்புகள் டெபியனின் ஸ்னாப்ஷாட் என்ற பழைய பதிப்புச் சேமிப்புத் தளத்தில் இருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. டெபியனின் பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து போன பேக்கேஜ் நம் கம்ப்யூட்டரிலிருந்தும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். வேறொன்றோடு மோதாத வரை அது பாட்டுக்கு ஓடும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வராது. அப்படிக் கிடப்பவற்றை, பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆப்டிட்யூட் என்ற கருவி தனித் தலைப்பில் காட்டும். ஆனால் நாமே வெளியிலிருந்து இறக்கிப் போட்டவையும் அதே தலைப்பில்தான் வரும். அந்தக் கைலிக் கடையில் பில் பிரிண்டரின் டிரைவர் இந்தப் பட்டியலில் நடுவே நின்றது. படிக்காமல் மொத்தத்தையும் அழிப்பவருக்கு மறுநாள் காலை கடையில் பில் வராது. இரண்டையும் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

அடுத்தது மொழி. டெபியனைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் நிறுவி புரோகிராம் தமிழில் கேள்வி கேட்கிறது, மகிழ்ச்சி. எதை நீக்கினோம், அதற்குப் பதில் எது என்று சொல்லும் வெளியீட்டுக் குறிப்பு மட்டும் தமிழில் இல்லை. கடைக்காரருக்கு மிகவும் தேவைப்படுவது அதுதான். அந்த ஒரு அத்தியாயத்தையாவது தமிழில் கொண்டுவர வேண்டும். யாராவது தொடங்கினால் நானும் உட்கார்ந்து வேலை செய்யத் தயார்.

பேரணாம்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய 32 பிட் வகைக் கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் நன்றாக ஓடுகிறது. 13இல் அந்த வகைக்கு இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. அதை 12இலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் 13க்கு ஏற்றாதீர்கள், வெளியீட்டுக் குறிப்பே வேண்டாம் என்கிறது. மற்றவர்கள் தாராளமாக ஏற்றலாம். ஆனால் 11, 12, 13 என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். அப்புறம் ஆப்டிட்யூட் காட்டும் அந்தப் பட்டியலை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட்டு அழியுங்கள்.