ஜார்ஜா, ஸ்டாரா: எந்தப் பழைய சத்திரத்தைப் பார்ப்பது?

இங்கிலாந்து போகிறவர்களுக்கு ஒரே ஒரு கிராமத்துச் சத்திரம் பார்க்கத்தான் நேரமிருக்கும் என்றால், ஜார்ஜ், ஸ்டார் என்ற இரண்டு பழைய சத்திரங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கட்டுமானம்: சாமர்செட்டில், நார்ட்டன் செயின்ட் பிலிப் கிராமத்து ஜார்ஜ் மூன்று தள உயரம். கீழ்த்தளம் முழுக்கக் கல், மேலிரண்டும் மரச்சட்டம். ஒவ்வொரு மரத்தளமும் கீழுள்ளதைத் தாண்டித் தெருப்பக்கம் நீண்டு நிற்கிறது. பாரம் எப்படி இறங்குகிறது என்பது வெளியிலிருந்தே புரியும். அருகிலிருந்த ஹின்டன் மடத்துத் துறவிகளுக்குச் சொந்தமாக இருந்தது. கம்பளிச் சந்தைக்கும் பயன்பட்டது. சசெக்ஸில், ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்து ஸ்டார் சிறியது, இரண்டே தளம்.

சிற்பம்: இதில் ஸ்டாருக்கு இணையே இல்லை. முகப்பு மரத்தில் டிராகனோடு போரிடும் புனித மைக்கேல். மூலையில் கப்பல் முகப்பிலிருந்து வந்த சிவப்புச் சிங்கம். வண்ணப்பூச்சோடு இருப்பதால் தெருவில் நின்றே ரசிக்கலாம்.

வரலாறு: 1685இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்துக் கலகம் செய்தபோது மான்மத் பிரபு ஜார்ஜில்தான் தங்கினார்.

போக்குவரத்து: ஜார்ஜுக்கு பாத் நகரிலிருந்து போகலாம்; ஸ்டாருக்கு பெரிக் ரயில் நிலையம் பக்கம்.

கட்டடக்கலை படிப்பவர் யோசிக்கவே வேண்டாம், ஜார்ஜுக்குப் போங்கள். மரச்சிற்பப் பிரியரும், ஆல்ஃப்ரிஸ்டனை ஒட்டிய சவுத் டவுன்ஸ் குன்றுகளில் நடக்க வருபவரும் ஸ்டாருக்கு.